கல்லறைத் திருநாளுக்கு ஒரு ஜெரேனியம்

அந்தத் தொட்டியை நினைத்தால் இன்றும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். செம்பாக்கத்தில் அண்ணி வீட்டுப் பால்கனியில், இலை மட்டும் தழைத்து, பேருக்கு ஒரு பூகூட இல்லாமல் நின்ற சிவப்பு ஜெரேனியம். கோத்தகிரியிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்து அண்ணன் கொண்டுவந்தது. அது ஒருமுறை பூத்து ஓய்வதற்குள் அவன் போய்விட்டான். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் சாமந்தி வாங்குவார்கள்; அண்ணிக்கு இந்தச் செடியின் பூதான் வேண்டும். "முதல் வருஷம். கடைப் பூ வெக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

செடியைப் பூக்க விட்டால்தானே? கறிவேப்பிலைக்கு ஊற்றுவதுபோல் தினமும் ஒரு சொம்பு தண்ணீர், போதாக்குறைக்கு அரிசி கழுவிய தண்ணீர் வேறு. மண் காய்ந்த பிறகு ஊற்றுங்கள், நீண்ட கொம்பை வெட்டினால்தான் கிளைவிட்டு மொட்டு வைக்கும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "உனக்கென்ன, வெட்டுன்னு ஈஸியா சொல்லிடுவ. இதெல்லாம் அவரு கை பட்ட கொம்பு" என்றார். கோபத்தோடு கீழ்க்கட்டளையில் என் வீட்டுக்கு பஸ் ஏறினேன்.

ஆகஸ்டில் பெய்த மழையில் அடித்தண்டு கறுத்துக் குழைந்தது. அண்ணி போன் செய்து, "வந்துட்டுப் போயேன்" என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது அவரே எல்லாக் கொம்பையும் வெட்டி வைத்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அழுகாத நுனிகளை மணலில் நட்டோம். ஒன்றுதான் பிழைத்தது.

அக்டோபர் பிறந்ததும் வானம் மூடிக்கொண்டது. வெயில் வந்தால் தொட்டி வெளியே, தூறல் விழுந்தால் உள்ளே. ஆபீஸிலிருந்து போன் செய்தால் அண்ணன் பேச்சே வராது. "மொட்டு விரிஞ்சுதா?" "இன்னும் இல்ல." அவ்வளவுதான் பேச்சு. பூக்காவிட்டால் அண்ணி கல்லறைக்கே வரமாட்டார் என்று எனக்குள் உதறலாகவே இருந்தது.

திருநாளன்று ஒரே ஒரு கொத்து, அதுவும் பாதி விரிந்தது. தொட்டியோடு கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். சுற்றிலும் மெழுகுவத்திகள் காற்றில் அணைந்து அணைந்து எரிந்தன. அண்ணி கொத்தைக் காம்போடு கிள்ளினார். கல்லில் வைப்பார் என்று பார்த்தால் என் கையைப் பிடித்து அதில் வைத்தார்.

"நீ வை. என் துக்கத்துலயே இருந்து, உன்னை நான் அழவே விடலல்ல" என்றார்.

அண்ணன் இறந்த பிறகு நான் வாய்விட்டு அழுதது அப்போதுதான்.