தொட்டிக்குள் வாய் மூடக்கூடாது

ரோஷ்நுவார் சரிவில் ஒயின் செய்கிற வீடுகளில் ஒரு சட்டம் உண்டு. திராட்சை புளிக்கவைக்கும் தொட்டிக்குள் இறங்கியவன் வாயை மூடக்கூடாது. பாடலாம், திட்டலாம், பக்கத்துத் தோட்டக்காரனின் பரம்பரையையே இழுத்து வசைபாடலாம். குரல் மட்டும் நிற்கக்கூடாது. நின்றால் மேலே இருப்பவர் அவனைக் கட்டியிருக்கும் கயிற்றை இழுக்க வேண்டும். புளித்துப் பொங்கிய திராட்சை விடுகிற வாயுவுக்கு நிறம் கிடையாது, சத்தம் கிடையாது. நல்ல திடகாத்திரமான ஆளைச் சாய்க்க அதற்கு நாலு மூச்சு போதும். அப்படி ஒரு வீட்டுக்காரி அர்லெத்; அவள் அப்பா உள்ளே இறங்கிவிட்டால் மேயரிலிருந்து பாதிரியார் வரை ஒருவரையும் விட்டுவைக்க மாட்டார். வாயால் பிழைத்த மனிதர் என்று ஊரே அவரைச் சொல்லும்.

அந்த வருஷம் செப்டம்பரில் அர்லெத்துக்கு வந்த தலைவலி இதுதான்: தொட்டிக்குள் இறங்க வேண்டிய அவள் தம்பி கில்பேர் பத்து மாதமாக அவளோடு பேசுவதில்லை.

அர்லெத்துக்கு ஐம்பது தாண்டியிருந்தது. பிறந்தது ஒயின் அறைக்கு மேலே இருக்கும் படுக்கையறையில், வளர்ந்தது சரிவில். அந்தச் சரிவு ஆட்டுக்குக்கூட மூச்சு வாங்கும் சரிவு. கருங்கல் நொறுங்கிய மணல் மண். ஒவ்வொரு மழைக்கும் அது கீழே ஓடிவரும், ஒவ்வொரு பிப்ரவரியிலும் அர்லெத் அதை முதுகுக்கூடையில் அள்ளி மறுபடி மேலே கொண்டுபோய்க் கொட்டுவாள். லியோன் நகரத்திலிருந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டவன் இரண்டு பிப்ரவரி தாக்குப்பிடித்தான். மூன்றாவது வருவதற்குள் பெட்டியைக் கட்டிவிட்டான். அவள் ஒரு நாள் அழுதாள், மறுநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவள் செய்த சிவப்பு ஒயினும் அவளைப் போலத்தான். முதல் வருஷம் வாயில் வைத்தால் கன்னத்தைப் பிடித்து இழுக்கும். மூன்றாம் வருஷம்தான் மனுஷரோடு இணக்கமாகப் பேசும். கில்பேருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அதே சரிவின் கீழ்ப்பகுதித் திராட்சையை எடுத்து, நாலைந்து நாளில் புளிக்கவைத்து, நவம்பரிலேயே புது ஒயின் என்று ஊருக்கு ஊற்றுவான். பாக்கெட்டில் வரும் ஈஸ்ட்டைப் போடுவான். அந்த ஈஸ்ட்டுக்கு ஒரு குணம்: ஒயினில் வாழைப்பழ வாசனை வரும். உண்மையைச் சொன்னால் அதுவும் குடிக்க மோசமில்லை, இளசுகள் மொய்த்துக்கொண்டு குடித்தார்கள். ஆனால் அர்லெத்திடம் போய் உண்மையைச் சொல்ல யாருக்குத் தைரியம்?

முந்தின வருஷம் நவம்பரில் ஊர்க் கூடத்தில் புது ஒயின் விழா. லியோனிலிருந்து வந்தவர்கள், மேயர், பேக்கரிக்காரர் குடும்பம், எல்லாரும் நின்றார்கள். கில்பேர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு அக்காவுக்குத்தான் முதல் கிளாஸை நீட்டினான். அவள் ஒரு வாய் குடித்தாள், நாக்கைச் சப்புக்கொட்டினாள்.

"நல்லாருக்குடா. வாழத்தாரை எந்தச் சரிவுல வெட்டின?"

கூடமே வெடித்துச் சிரித்தது. மறுநாள் அவன் டிராக்டரில் யாரோ ஒரு வாழைப்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த வாரமே அவனுக்கு வாழைப்பழம் என்ற பேர் நிலைத்துவிட்டது. பேக்கரியில் ரொட்டி வாங்கப் போனால் சின்னப் பையன்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நாற்பத்தெட்டு வயசு ஆம்பளை, கல்யாணம் காட்சி இல்லாதவன், அந்த ஒயினைத் தவிரச் சொந்தமாகச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாதவன். அதைச் சொன்ன மறுநிமிஷமே அர்லெத்துக்கு மனசு உறுத்தியது. ஆனால் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

அன்றிலிருந்து மௌனம். ஒரே வீடு, ஒரே மேஜை, ஒரே சட்டியிலிருந்து சூப். உப்பு வேண்டுமென்றால் கில்பேர் நாயைப் பார்த்துச் சொல்வான்: "உங்க எஜமானியம்மாகிட்ட உப்பு கேளு." அவளும் நாயைப் பார்த்தே பதில் சொல்வாள்: "கை இருக்கில்ல, எடுத்துக்கச் சொல்லு." நாய் பாவம், இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்.

இப்போது அறுவடை முடிந்து அர்லெத்தின் தொட்டி தயாராக இருந்தது. பாட்டன் கட்டிய சிமெண்ட் தொட்டி அது, பாதி மலைக்குள் புதைந்தது, மேலே மட்டும்தான் வாய். அடியிலிருந்த குழாயைத் திறந்து ஒயினை வடித்தாகிவிட்டது. உள்ளே ஆள் உயரத்துக்குச் சக்கை. அதை வெட்டி வாளியில் போட்டு அனுப்பினால்தான் பிழிய முடியும். நாள் தள்ளினால் சக்கை புளித்துக் காடியாகிவிடும், வருஷ உழைப்பு போய்விடும். உள்ளே இறங்கும் வேலை எப்போதும் கில்பேருடையது. சண்டை சண்டையாக இருந்தாலும் வேலையில் வஞ்சம் வைக்கிறவன் இல்லை அவன்.

உதவிக்கு மர்சோ வந்திருந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர், தொப்பை பெருத்தவர், இரண்டு பேரையும் குழந்தையிலிருந்து பார்த்தவர். காலையில் மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் பார்த்தார்கள். வாயு இருந்தால் அணைந்துவிடும்; அணையாமல் நின்றது. பெரிய விசிறியைத் தொட்டியின் வாயில் வைத்து ஓடவிட்டார்கள். காற்று உள்ளே போகிறவரைக்கும் பயமில்லை.

"மர்சோ, அந்தம்மாகிட்ட சொல்லுங்க. நான் எறங்குறேன். ஆனா பேச மாட்டேன்" என்றான் கில்பேர்.

"பேசாம எறங்குறதா இருந்தா எறங்கவே வேணாம்" என்றாள் அர்லெத் சுவரைப் பார்த்து.

"சத்தம்தானே வேணும்? மம்பட்டியால சுவத்துல தட்டுறேன். போதும்னு சொல்லுங்க."

"நான் என்னடா ஒங்க ரெண்டு பேருக்கும் தபால்காரனா?" என்றார் மர்சோ. "மொதல்ல கயித்தக் கட்டு. கக்கத்துக்குக் கீழ கட்டுடா, பாவாடை நாடா மாதிரி கட்டாத."

அவன் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினான். கயிற்றின் மறுமுனையை மர்சோ சுவரிலிருந்த இரும்பு வளையத்தில் முடிந்தார். வாளியைத் தூக்க மோட்டார் கப்பி இருந்தது. வாளி நிறைந்தால் மூன்று தட்டு தட்டுவான், வாளி மேலே வரும். காலை முழுக்க இப்படியே போயிற்று. ஒருமுறை தட்டும் சத்தம் நின்றது. அர்லெத் பொறுத்துப் பார்த்தாள், பிறகு "கில்பேர்!" என்று அலறினாள். அவன் ஏணியில் பாதி ஏறி வந்து தலையை நீட்டினான். முகமெல்லாம் சிரிப்பு.

"மர்சோ, இந்தம்மாவுக்கு மனசு இவ்வளவு பலவீனம்னு எனக்குத் தெரியாதே!"

மர்சோவும் சிரித்தார். அர்லெத்துக்கு முகம் சிவந்துவிட்டது. வேண்டுமென்றே செய்திருக்கிறான், கழுதை. இனி இவன் செத்தாலும் கத்தமாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். கோபத்தில் யாரும் சொல்வதுதான்.

மத்தியானம் பிழியும் இயந்திரத்தைக் கவனிக்க மர்சோ வெளியே முற்றத்துக்குப் போனார். தொட்டியருகில் அர்லெத் மட்டும். சக்கை பாதிக்கு மேல் குறைந்திருந்தது. கில்பேர் இப்போது அடியில், மூலைப்பக்கம். மேலிருந்து பார்த்தால் விளக்கு வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. விசிறியோ கரகரவென்று காதைக் கிழித்தது. தட்டுகிறானா இல்லையா என்று ஒன்றும் பிடிபடவில்லை. மறுபடி கத்தி அவமானப்பட அவளுக்கு இஷ்டமில்லை. விசிறியை நிறுத்தினாள்.

அமைதியில் மம்பட்டிச் சத்தம் தெளிவாகக் கேட்டது. டக், டக். அவளுக்கு மூச்சு வந்தது. இப்படிக் காதில் விழுந்துகொண்டிருப்பதுதான் நல்லது என்று தோன்றியது. விசிறியை அப்படியே விட்டாள். பிறந்ததிலிருந்து ஒயின் அறையிலேயே கிடந்தவளுக்கு, அடியில் இறுகிக்கிடக்கும் சக்கையை வெட்ட வெட்டத்தான் உள்ளே அடைபட்ட வாயு வெளிவரும் என்று தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் கேட்டுக்கொண்டிருந்தது தம்பியின் வீம்பை, வாயுவை அல்ல.

இரண்டு வாளி வந்தது. மூன்றாவது வாளிக்குத் தட்டவில்லை.

"கில்பேர்?"

பதில் இல்லை. ஆரம்பித்துவிட்டான் நாடகத்தை என்று பல்லைக் கடித்தாள். கொஞ்சம் பொறுத்தாள். உள்ளே மம்பட்டிச் சத்தமும் இல்லை.

"டேய், தட்டுடா. வெளையாடுற நேரமா இது?"

விளக்கு மட்டும் எரிந்தது. மர்சோவைக் கூப்பிட்டு ஊரைக் கூட்டினால், மறுபடி அந்தத் தலை சிரித்துக்கொண்டே மேலே வரும். வராவிட்டால்? கோபத்தின் மௌனமா, வாயுவின் மௌனமா? பத்து மாதமாக அவன் மௌனத்தைத் தவிர வேறு எதையும் கேட்காதவளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை.

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. அந்த ஒரு வார்த்தையை அவனால் பொறுத்துக்கொள்ள முடியாது. காதில் விழுந்தால் தூக்கத்திலிருந்துகூட எழுந்து அடிக்க வருவான். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

"வாழைப்பழம்! டேய் வாழைப்பழம்!"

சிமெண்ட் சுவரில் மோதி அவள் குரலே திரும்பி வந்தது. வேறெதுவும் வரவில்லை.

விசிறியை ஓடவிட்டது அவளுக்கு ஞாபகமிருக்கிறது, மர்சோவைக் கூப்பிட்டதும் ஞாபகமிருக்கிறது. அடுத்து அவள் கால் ஏணியில் இருந்தது. இரண்டு படி இறங்கிவிட்டாள். சோடா குடித்தால் மூக்கில் ஏறுகிற மாதிரி ஒரு சுருக்கென்ற நெடி முகத்தில் அடித்தது. எதிர்ச்சரிவு வீட்டுத் தொட்டி ஞாபகத்துக்கு வந்தது. அப்பனைத் தூக்க மகன் இறங்கினான், மகனைத் தூக்க மருமகள் இறங்கினாள்; மூன்று சவப்பெட்டி ஒன்றாகக் கோயிலுக்குப் போயிற்று. அர்லெத்தும் அந்த ஊர்வலத்தில் நடந்தவள்தான்.

தம்பி கீழே கிடக்கிறான். ஏணியிலிருந்து கையை நீட்டினால் எட்டிவிடுவான் போலிருந்தது. திரும்பி மேலே ஏறிய அந்த இரண்டு படி போல எதுவும் அவளுக்கு வாழ்க்கையில் வலித்ததில்லை. வாய்விட்டு அழுதுகொண்டே ஏறினாள்.

வளையத்திலிருந்த முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகம் பெயர்ந்தது, முடிச்சும் அவிழ்ந்தது. கயிற்றைக் கப்பிக் கொக்கியில் சுற்றி மோட்டாரைத் தட்டினாள். கயிறு விறைத்தது, முனகியது. சக்கையில் ஏதோ இழுபடும் சத்தம். பிறகு விளக்கை மறைத்துக்கொண்டு ஒரு தலை மேலே வந்தது, தொங்கிய தலை. கன்னமெல்லாம் திராட்சைச் சாறு, உதடு நீலம். மர்சோ ஓடிவந்து அவன் கால்சட்டையைப் பிடித்து விளிம்புக்கு இழுத்தார். இருவரும் சேர்ந்து முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய்க் கிடத்தினார்கள்.

"நான் போன் பண்றேன், நீ ஊது! வாயில ஊதும்மா!" என்றார் மர்சோ.

அவள் ஊதினாள். நெஞ்சை அமுக்கினாள், கன்னத்தில் அறைந்தாள், மறுபடி ஊதினாள். "சாகாதடா, நாயே, சாகாதடா" என்று ஒவ்வொரு ஊதலுக்கும் நடுவில் சொன்னாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. கடைசியில் அவன் தொண்டையில் ஏதோ கிழிந்தது மாதிரி ஒரு சத்தம். இருமினான், சிவப்பாக வாந்தி எடுத்தான். அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

தீயணைப்பு வண்டி வளைந்து வளைந்து மேலே ஏறி வந்தபோது அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகமூடியைப் போட்டு ஆக்சிஜன் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் படுக்கையைத் தயார் செய்தார்கள். மர்சோ ஒரு ஓரமாகத் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார். அர்லெத் தம்பியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"விசிறிய நிறுத்தினது நான்தான்" என்றாள். "நீ தட்டுறது கேக்கல. அதான் நிறுத்தினேன்."

கில்பேர் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினான். பத்து மாதம் கழித்து அவளை நேராகப் பார்த்தான்.

"தெரியும்க்கா. விசிறி நின்னது கேட்டுச்சு." மூச்சு வாங்கினான். "நீ மொதத் தடவ கூப்பிட்டதும் கேட்டுச்சு. தல லேசாச் சுத்துச்சு. அப்பவே ஒரு கொரல் குடுத்திருக்கலாம். வேணும்னேதான் வாயத் தொறக்கல. கத்தட்டும்னு இருந்தேன். அப்புறம் தொறக்கப் பாத்தேன்... வரல."

தீயணைப்புக்காரன் வந்து முகமூடியை மறுபடி சரியாக வைத்தான். பேசக்கூடாது என்று அதட்டினான். கில்பேர் கண்ணை மட்டும் அக்காவிடமிருந்து எடுக்கவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தான்.

அவளுக்குத் திட்ட வரவில்லை. அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சாறு காய்ந்து பிசுபிசுத்த அந்தக் கையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தாள்.

"உள்ள நான் இருந்திருந்தா நானும் பேசியிருக்க மாட்டேன்டா" என்றாள்.