குட்டிப் பாம்புக்கு அளவுச் சாப்பாடு

எங்கள் ஆட்கள் யாராவது என் வீட்டுக்கு வந்தால் முதலில் பாம்பைக் காட்டிவிட்டுத்தான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பேன். ஓடுகிறவர்கள் அப்போதே ஓடட்டும், எனக்குத் தேயிலை மிச்சம். புருசன் போன கவலையில் இவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று எங்கள் எஸ்பியர்க் ஊர் முழுக்கக் கதைத்தார்கள். கதைக்கட்டும். அப்படிக் கதைத்த ஒருவர்கூட அந்தப் பாம்புக்கு ஒரு நேரத் தீனி வாங்கித் தந்ததில்லை.

நான் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். அங்கே என்னோடு வேலை செய்யும் டேனிஷ்காரி ஒருத்தி வீட்டில் பாம்பு வளர்க்கிறவள். அவளுடைய பாம்பு முட்டையிட்டுக் குஞ்சு பொரித்ததும், உனக்கு ஒன்று வேண்டுமா என்று பகிடியாகக் கேட்டாள். நான் ஓம் என்றேன். அவர் போன பிறகு யாரையும் கேட்காமல் நானாக எடுத்த முதல் முடிவு அதுதான். சோளப்பாம்பு என்று பெயர், விஷம் கிடையாது. பென்சில் மொத்தத்தில், செம்மஞ்சள் நிறத்தில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சுருண்டுகொண்டு வந்து சேர்ந்தது.

தீனி விஷயத்தில் அவள் கறாராகச் சொல்லித் தந்தாள். கிழமைக்கு ஒருமுறை, ஒரே ஒரு எலிக்குஞ்சு. அதுவும் மயிர் முளைக்காத, பிறந்த மேனிக் குஞ்சு. கடையில் உறைய வைத்து விற்பார்கள். பாம்பின் நடு உடம்பு எவ்வளவு மொத்தமோ, இரையும் அந்த அளவுதான் இருக்கலாம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் இளக்கி, இடுக்கியால் பிடித்து நீட்ட வேண்டும். விழுங்கிய பிறகு இரண்டு நாளைக்குத் தொடவே கூடாது. அளவுக்கு மேலே போட்டால் கக்கிவிடும். பெரிய பாம்பு கக்கினால் தாங்கும், குட்டி தாங்காமல் போகலாம் என்றாள்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் தலைநகருக்குப் பக்கத்தில், இஷொயில் இருக்கிறாள். என்னைவிட மூத்தவள், கெட்டிக்காரி, என் மேல் உயிரையே வைத்திருப்பவள். அவளுடைய அன்புக்கு மூடி மட்டும் கிடையாது. அவர் செத்த அன்று ரெயில் பிடித்து வந்தவள், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிவதற்குள் என் வாழ்க்கையைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். நான் எப்போது வேலைக்குத் திரும்புவது, அவருடைய காரை யாருக்கு விற்பது, இனி எந்தெந்த நிறச் சீலையைக் கட்டக்கூடாது எல்லாம் அவள் சொன்னபடிதான் நடந்தது. எவ்வளவு அழலாம் என்பதற்கும் அவளிடம் ஓர் அளவு இருந்தது. இந்த முறை வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே தொடங்கிவிட்டாள்.

"எங்கடை புளொக்கிலை கீழ் வீடு வெறுமையாகுது. நான் கதைச்சுப்போட்டன். வாற மாதம் நீ அங்கை வாறாய்."

"நான் கேட்டனானோ?"

"கேட்டுத்தான் செய்யோணுமோ? தனியப் பொம்பிளை, இஞ்சை கிடந்து என்ன செய்யப்போறாய்? உந்தப் பாம்பை ஆரிட்டையாவது குடுத்துப்போடு."

"பாப்பம்" என்றேன். மாட்டேன் என்று சொல்லத் தைரியம் இல்லாதபோது எங்கள் ஆட்கள் சொல்லும் சொல் அது. எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எனக்குப் பின்னேரம் ஓய்வு என்பதால் பாம்புக்குச் சாப்பாட்டு நாளும் அதுதான். குசினியில் சுடுதண்ணீர்க் கிண்ணத்துக்குள் எலிக்குஞ்சு மிதந்ததைக் கண்டு அக்கா வைத்த கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"ஐயோ முருகா! வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்க் குசினிக்குள்ளை மச்சமோ?"

"விரதம் எனக்கு, அக்கா. பாம்புக்கு ஆர் விரதம் குடுத்தது?"

"நாகதம்பிரானுக்குப் பாலும் முட்டையும் வைக்கிறதைத்தான் கண்டிருக்கிறன். எலி வைக்கிற ஆளை இப்பதான் காணுறன்."

"இது நாகதம்பிரான் இல்லை. பால் குடிச்சா வயித்தாலை போகும்."

சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஆனால் போகவில்லை, நின்று பார்த்தாள். பாம்பு இடுக்கியிலிருந்து இரையை வெடுக்கென்று பிடித்து, மெல்ல மெல்ல விழுங்கி முடித்தது.

"இவ்வளவுதானோ?"

"ஓம்."

"கிழமைக்கு ஒண்டோ? என்னடி இது கண்டறியாத கணக்கு! சிறையிலை கிடக்கிற மறியல்காரனுக்கும் மூண்டு நேரம் குடுப்பாங்கள்."

சனிக்கிழமை நான் வேலைக்குப் போனேன், ஞாயிறும் போனேன். திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததுமே நாற்றம். கண்ணாடிப் பெட்டிக்குள் பாதி கரைந்தும் கரையாமலும் எலிக்குஞ்சுகள் கிடந்தன. நான் வைத்தது ஒன்று. அங்கே கிடந்தது இரண்டு. பாம்பு ஒரு மூலையில் வாயை லேசாகத் திறந்தபடி கிடந்தது.

"அக்கா!"

அக்கா குசினி வாசலில் நின்று கைகளைப் பிசைந்தாள். சனிக்கிழமை நான் போனதும் முதலில் ஒரு சின்னக் கோப்பையில் பால் வைத்தாளாம். பாம்பு திரும்பியும் பார்க்கவில்லையாம். பிறகு பாத்திரம் கழுவும் இறப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு உறைபெட்டியைத் திறந்தாளாம். எலி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிறவள்!

"பாவமாய்க் கிடந்துதடி. என்னைப் பாத்துப் பாத்து நாக்கை நீட்டிச்சுது. பசியிலைதானே நீட்டும்?"

"பாம்பு நாக்கை நீட்டுறது மணம் பிடிக்கிறதுக்கு! உனக்கு ஆர் குடுக்கச் சொன்னது?"

"குடுத்தவுடனை ஆசையாய் வாங்கிச் சாப்பிட்டுதே!"

வாங்கும்தானே. நீட்டுகிற கை எப்போது நிறுத்த வேண்டும் என்று குட்டிப் பாம்புக்குச் சொல்லத் தெரியாது. எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கதவுத் திறப்பைச் சுவரில் எறிந்தேன். பிறகு அந்த டேனிஷ்காரிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் ஏசவில்லை. இரண்டு கிழமைக்கு ஒன்றும் கொடுக்காதே, சுத்தமான தண்ணீர் மட்டும் வை, பிறகு பாதி அளவு கொடு, மறுபடியும் கக்கினால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றாள்.

மிச்ச எலிகளையெல்லாம் பையோடு தூக்கிக்கொண்டு போய் அவளுடைய உறைபெட்டியிலேயே வைத்துவிட்டேன். அக்காவை நம்பி ஓர் எலியை என் வீட்டில் விட முடியாது.

குற்ற உணர்ச்சியோ என்னவோ, இஷொய்க்குத் திரும்பவேண்டிய அக்கா போகவில்லை. பெட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தன் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, "பட்டினி போட்டுக் கொல்லுறாள், ஒரு வாயில்லா உயிரை" என்று அழுதாள். போன கிழமை ஆரிட்டையாவது குடுத்துப்போடு என்று சொன்ன அதே வாய் இப்போது "பிள்ளைக்கு ஏதாவது குடு" என்று என்னைக் கெஞ்சியது.

"இல்லை" என்றேன். காலையிலும் இல்லை, பின்னேரமும் இல்லை.

"கல்நெஞ்சுக்காரி."

"எங்கடை வேலையிடத்திலை ஒரு கிழவி வாயை மூடினா, நாங்கள் கரண்டியை எடுத்துப்போடுவம். மேலை திணிச்சா மூச்சு அடைக்கும்."

"அது வெள்ளைக்காரக் கிழவி."

"தொண்டை எல்லாருக்கும் ஒண்டுதான் அக்கா."

வெளியே இப்படி வாய் காட்டினேனே தவிர, உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் இருந்தேன். பாம்பின் தோல் தளர்ந்து, முதுகெலும்பு வரிசையாகத் தெரியத் தொடங்கியது. செத்தால் அக்கா சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். அதைவிட, அது செத்துவிடும். எனக்கென்று நான் கொண்டுவந்த ஒரே உயிர் அது. குளிக்கும்போது தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன், அக்காவுக்குக் கேட்கக் கூடாது என்று.

சொன்ன நாள் வந்தது. டேனிஷ்காரி வீட்டில் வைத்த பையில் ஆகச் சின்னக் குஞ்சாகப் பார்த்து எடுத்துவந்தேன், என் சின்னிவிரலில் ஒரு கணு அளவுதான் இருக்கும். இளக்கி நீட்டினேன். பாம்பு அசையவில்லை. இடுக்கி பிடித்த கை உளைந்தது. பின்னால் அக்கா கந்தசஷ்டி விரதக்காரி மாதிரி முணுமுணுத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் தலையை மெல்ல நீட்டி, மணந்து பார்த்து, வாயில் கவ்வியது.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பெட்டியைத் தொடவில்லை. நாற்றம் வருகிறதா என்று மோந்து மோந்து பார்த்தோம். வரவில்லை. சில நாள் கழித்து ஒரு காலையில் பெட்டிக்குள் எச்சம் கிடந்தது. சீரணமாகி வந்த நல்ல எச்சம்! அதைப் படம் எடுத்து டேனிஷ்காரிக்கு அனுப்பினேன். அவள் கைதட்டும் படம் அனுப்பினாள். அக்கா என்னைக் கட்டிப்பிடித்தாள். அந்த நேரத்தில் எனக்கு அவள் மேல் ஒரு கோபமும் இல்லை.

அன்று மத்தியானம் அக்கா கொண்டாடிச் சமைத்தாள். நண்டுக் கறி, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, சோறு. சோற்றுக் கோப்பை நிறையப் போட்டாள். சாப்பிட்டு முடிக்கும்போது மறுபடி அகப்பையோடு வந்தாள்.

"போதும் அக்கா."

"சும்மா சாப்பிடடி. மெலிஞ்சு துரும்பாப் போனாய்." ஓர் அகப்பை விழுந்தது. "அந்தக் கீழ் வீட்டுத் திறப்பு வாற கிழமை தருவினமாம். பாம்புக்கும் சுகம் வந்திட்டுது. இனி ஆரிட்டையாவது குடுக்கலாம்தானே?" அடுத்த அகப்பை கிளம்பியது.

கோப்பையைக் கையால் மூடினேன். சுடச்சுடச் சோறு புறங்கையில் விழுந்தது. கையை எடுக்கவில்லை.

"என்னடி விசரி, கை வெந்திடும்!"

"அக்கா, அது சின்ன உயிர். நீ ஒண்டு கூடப் போட்டாய், கக்கிப்போட்டுது. நான் கக்கேல்லை. அவர் செத்த நாளிலையிருந்து நீ போட்டதெல்லாத்தையும் விழுங்கிக்கொண்டிருக்கிறன். நான் இஷொய்க்கு வரமாட்டன். பாம்பையும் ஆருக்கும் குடுக்கமாட்டன்."

அக்கா என் புறங்கையைப் பார்த்தாள். கண் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. துடைக்கவில்லை.

"அப்ப நான் உனக்கு என்னதான் செய்யிறது?"

"போதுமோ எண்டு கேள். நான் ஓம் எண்டு சொன்னா நிப்பாட்டு."

அகப்பையைக் கீழே தாழ்த்தினாள். பிறகு, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் கேட்பது போல, மெதுவாகக் கேட்டாள்.

"சோறு... போதுமோ?"

"ஓம் அக்கா. போதும்."

அகப்பையில் இருந்த சோற்றை அக்கா சட்டிக்குள் திருப்பிக் கொட்டினாள்.