துண்டுக்கடியில் வாங்கிய ஹாக்கி மட்டை

அந்த ஹாக்கி மட்டையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் பீளமேட்டில் ஒரு பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி அணியில் முன்வரிசை ஆட்டக்காரி. ஆடியதெல்லாம் கல்லூரி மட்டையில்தான். பயிற்சி முடிந்ததும் வாங்கிப் பூட்டிவிடுவார்கள். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கும்போது மட்டும் சொந்த மட்டையோடு வரவேண்டும் என்று விளையாட்டு ஆசிரியை சொல்லிவிட்டார். எனக்கு அது கடைசி வருடம். அந்தத் தேர்வு தவறினால் அப்புறம் ஜாதகம்தான் எடுப்பார்கள்.

புதுசு வாங்கித் தரச் சொல்லி அப்பாவிடம் கேட்டேன். "அடுப்புல வெக்கற கட்டைக்கு இத்தன வெலையா அம்மணி?" என்றார்.

எனக்கு முன்னால் அதே கல்லூரியில் படித்து எங்கள் அணிக்குக் கேப்டனாக இருந்த அக்காவை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தாள். "என்ர மட்டை ரெண்டும் சும்மாதான் கெடக்குது. வந்து நல்லதா ஒண்ணு எடுத்துக்க கண்ணு" என்றாள். காசு பேச்சே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு போனேன். பெண்பிள்ளையைத் தனியாக அனுப்பக் கூடாதாம். அக்காவின் மாமனார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும், "மருமக கொண்டாந்த சாமானுங்க. சும்மா தூக்கிக் குடுத்தா நல்லாருக்குங்களா? பாத்துப் பேசிக்கலாமுங்க" என்றார். மட்டை அக்காவுடையது. கொடுப்பதற்கு மட்டும் அவளுடையது இல்லையாம். அவள் நிலைப்படியில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை ஆடுகளத்தில் அதட்டி ஓடவைத்தவள் அவள்.

இரண்டு மட்டைகளையும் கொண்டுவந்து போட்டார்கள். ஒன்று பழசு. பிடியில் சுற்றிய பட்டி நைந்து, தலையெல்லாம் பந்து பட்ட தழும்பு. கையில் எடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மணிக்கட்டைத் திருப்பினால் சொன்னபடி திரும்பியது. இன்னொன்று மினுமினுவென்று இருந்தது. அக்கா கல்யாணத்துக்குக் கதவு ஜன்னலுக்கெல்லாம் அடித்த வார்னிஷில் மிச்சத்தை அதன்மேல் பூசியிருந்தார்கள்.

காப்பி கொடுக்கிற சாக்கில் அக்கா என் பக்கம் குனிந்தாள். "பளபளப்பப் பாத்து ஏமாந்துபோடாத. அதுல தலையோரம் விரிசல் இருக்குது. வார்னிஷ் மூடிக்கிச்சு."

நான் உடனே, "அப்பா, பழசே போதுமுங்க. புதுசாத் தெரியறதுல விரிசல் இருக்குது" என்றேன்.

அப்பா திரும்பக்கூட இல்லை. அவர் மாடு பிடிக்கச் சந்தைக்குப் போகிற மனுஷர். பழைய மட்டையைத் தூக்கி வெயிலில் திருப்பிப் பார்த்தார். கழுத்துப் பக்கம் மரத்தில் கறுப்பாக ஒரு கணு இருந்தது. "கழுத்துல சுழி இருக்குதுங்களே" என்றார். மாட்டுக்குச் சுழி பார்ப்பார்கள், சரி. மட்டைக்குமா? மாமனாரும் குனிந்து பார்த்து, "ஆமாங்க, இது ஆவாது. நாய் வெரட்டக் கெடக்கட்டும்" என்றார்.

"மாமா, பழசுதானுங்க நல்லது. நான் அதுலதான் ஆடுனேன்" என்றாள் அக்கா. நிலைப்படியிலிருந்து, எல்லோர் காதிலும் விழும்படி.

மாமனார் சிரித்தார். "அவளுக்கு என்னங்க தெரியும்?"

அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்தார். இரண்டு பேர் கையும் அதற்கடியில் போயின. சந்தையில் மாடு வாங்கும்போது விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசி முடிப்பார்கள். அடுத்தவன் காதுக்குப் போகக் கூடாதென்று செய்கிற ஏற்பாடு. இங்கே அடுத்தவன் எவன் இருந்தான்? நானும் அக்காவும்தான் இருந்தோம். ஒருத்தி அந்த மட்டையில் ஆடியவள், ஒருத்தி ஆடப்போகிறவள். எங்களுக்குத் தெரியாமல் விரல்கள் துண்டுக்குள் நெளிந்துகொண்டிருந்தன. அந்தத் துண்டைப் பிடுங்கி எறிய வேண்டும்போல எனக்குக் கை துறுதுறுத்தது. அக்கா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வெளியே வந்ததும் நான் அழுது கத்தினேன். "கையக் குடுத்துப்போட்டேன் கண்ணு. அப்பறம் பேச்சு மாறுனா என்னைய மனுசன்னு மதிப்பாங்களா?" என்றார் அப்பா. வார்னிஷ் மட்டை என் கையில் இருந்தது. பஸ்ஸில் அவர் பக்கத்தில் நான் உட்காரவில்லை.

தேர்வு நாளில் ஓரமாகப் பந்தைக் கொண்டுபோய் உள்ளே அடித்தேன். நல்ல அடி. மட்டையின் தலை பிளந்து பந்தின் பின்னாலேயே போனது. அப்புறம் இரவல் மட்டைக்காகக் கோட்டுக்கு வெளியே நின்றேன். எல்லோர் கையிலும் அவரவர் மட்டை இருந்தது, எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பெயர் வாசித்தபோது என் பெயர் இல்லை.

உடைந்த மட்டையைக் கொண்டுவந்து அப்பா முன்னால் போட்டேன். எடுத்துத் திருப்பினார். புதிதாக முறிந்த இடம் வெள்ளையாக இருந்தது. பழைய விரிசல் ஓடிய இடம் அழுக்கேறிக் கறுத்திருந்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது. நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"ஏங் கண்ணு, விரிசல் இருக்குதுன்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

நடிப்பு இல்லை. நாங்கள் இரண்டு பேர் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. தெரிந்தே செய்திருந்தால்கூட எனக்கு அத்தனை ஆத்திரம் வந்திருக்காது.

படிப்பு முடிந்ததும் ஜாதகத்தை எடுத்தார்கள். ஒரு நாள் அப்பா வெளியே போய்விட்டு வந்து, துண்டைத் தோளில் போட்டபடி, மாப்பிள்ளையின் போட்டோவை என்னிடம் நீட்டினார். "உனக்குப் புடிச்சிருக்குதான்னு சொல்லு அம்மணி" என்றார்.

"மொதல்ல நீங்க சொல்லுங்க. கையக் குடுத்துப்போட்டீங்களா?" என்று கேட்டேன்.

கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.