கஸ்பாரேயின் வெள்ளைச் சட்டை

யார் சிரித்தாலும் சரி. அந்தக் கொடிக்கயிற்றைப் பிடித்திருந்தது என் கைதான்.

நியூயார்க்கில், எலிசபெத் தெருவில், நாலாவது மாடியில் துணி துவைத்துப் பிழைத்தேன். முற்றத்துக்கு அப்பால், என் ஜன்னலுக்கு நேர் எதிரே கஸ்பாரே. எங்களைப் போலவே சிசிலியிலிருந்து கப்பலேறி வந்தவன். முதல் வருஷம் கல் சுமந்தான். பிறகு கத்தியைக் காட்டிக் கடைக்காரர்களிடம் பணம் பறித்தான். தெருவே அவனுக்குத் தொப்பி கழற்றியது. ஒரு வீடும் அவனைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. கடைசியில் தன் ஆட்களுக்கே பயந்து கதவைத் திறப்பதை நிறுத்திவிட்டான்.

அவன் துணி கொடிக்கயிற்றில்தான் வரும். இரண்டு ஜன்னலிலும் ஒவ்வொரு சக்கரம். அவற்றைச் சுற்றி வளையமாக ஒரே கயிறு. மேல் இழையை நான் இழுத்தால் கீழ் இழை அவனிடம் ஓடும். துணியை எடுத்ததும் இரண்டு முறை சுண்டுவான். எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

அந்த ஜனவரியில் நாலு நாளாக அவன் ஜன்னல் திறக்கவில்லை. வெளுத்துக் கஞ்சி போட்ட அவன் வெள்ளைச் சட்டை என்னிடமே இருந்தது. பக்கத்து வீட்டு அகாத்தா எட்டிப் பார்த்தாள்.

"ஆளு வேற ஊருக்கு ஓடிட்டானாம். சட்டைய உன் புருஷனுக்குப் போட்டு விடுடி."

"அதுக்குள்ள என் புருஷன் ரெண்டு பேரு நுழையலாம்."

"என் வீட்டுக்காரருக்கு ஒரு கை நுழைஞ்சாலே பெரிசு."

போய்விட்டாள்.

மத்தியானம் மூன்று மணி. காற்றே இல்லை; பனி நேராக விழுந்தது.

வெறும் கயிறு சுண்டியது. இரண்டு முறை.

"கஸ்பாரே அண்ணே?"

மறுபடியும் இரண்டு முறை.

அங்கே அவன் எதிரிகள் இருந்தால்? அவனுக்குத் துணி துவைப்பவளைச் சும்மா விடுவார்களா? சட்டையை வைத்துக்கொண்டால் இவன்தான் விடுவானா?

கிளிப்பை மாட்டினேன். இழுக்கவில்லை. கையை எடுத்துவிட்டேன்.

கிறீச்... கிறீச்...

சட்டை தானாகப் போனது.

எதிர் ஜன்னல் ஒரு சாண் உயர்ந்தது. உள்ளே இருட்டு. யாரும் கை நீட்டவில்லை.

ஒரு சட்டைக்கை மடங்கியது...

பிறகு இன்னொன்று...

உள்ளே போயிற்று.

இரண்டு சுண்டல்.

மறுநாள் போலீஸ் வந்தது. கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தது; உடைத்து நுழைந்தார்கள். பிணத்தைத் தூக்கி இறக்கப் போனவர்களில் அகாத்தாவின் கணவரும் ஒருவர்.

"நெஞ்சு பூராக் குத்து. செத்து நாலு நாளுக்கு மேல ஆச்சுன்னு டாக்டர் சொல்றாரு," என்றார். "ரத்தம் தரையில காஞ்சு கறுத்துக் கெடக்கு. ஆனா சட்டையில ஒரு ஓட்டை இல்ல, ஒரு சொட்டுக் கறை இல்ல. கழுத்து வரைக்கும் பொத்தான்... கஞ்சி மடிப்புகூடக் கலையலம்மா."

சவக்கிடங்குக்கு யாரும் வேறு உடுப்பு கொண்டுவரவில்லை. அந்தச் சட்டையோடுதான் புதைத்தார்கள்.