டேங்க்கில் தீர்த்தம் ஊற்றலாமா?

போன வாரம் ஒரு பெட்ரோல் பங்க்கில் பஞ்சாயத்து. ஒரு பக்கம் சாமி, இன்னொரு பக்கம் கம்பெனி, நடுவில் நான். காலையில் யார் முகத்தில் முழித்தேனோ!

நாமக்கல்லிலிருந்து சேலம் போகிற ரோட்டில் பங்க் வைத்திருக்கும் பொன்னுசாமி என் பழைய சிநேகிதர். அவருக்கு ஒரு புதுப் பம்ப் வந்திருக்கிறது. கரும்பாலை மொலாசஸிலிருந்து ஆல்கஹால் எடுக்கிறார்கள் அல்லவா? அதைப் பெட்ரோலில் தாராளமாகக் கலந்து வண்டிக்குப் போடுகிற பம்ப். பெட்ரோல் விலை ஏறுகிற ஏற்றத்தில் கம்பெனிக்காரர்கள் இப்படியும் பரீட்சை செய்து பார்க்கிறார்கள்.

மதுவிலக்கு நேரத்தில் இப்படி ஒரு பம்ப் வந்தால் ஊர் சும்மா இருக்குமா? "ஏனுங்க, வண்டிக்கு மட்டுந்தானுங்களா... ஓட்டறவனுக்கும் உண்டுங்களா?" என்று டீசல் போட வருகிற லாரி டிரைவர்கள்கூட விசாரிக்கிறார்கள்.

பொன்னுசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பம்ப்புக்காகக் கம்பெனி ஆபீஸுக்கு நடையாய் நடந்தவர் அவர். திறப்பு விழாவுக்குக் கம்பெனி மேனேஜர் சேலத்திலிருந்து தன் காரில் வருவார். அந்தக் காருக்குத்தான் முதல் பெட்ரோல். கார் ஒழுங்காகச் சேலம் திரும்பினால் பம்ப் இங்கேயே இருக்கும். வழியில் நின்றதோ... கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள்!

மெட்ராஸிலிருந்து வந்த ரகு என்ற இன்ஜினியர்தான் பம்ப்பைப் பொருத்தினார். சாதாரண ரப்பர் ஹோஸும் வாஷரும் ஆல்கஹால் பட்டால் ஊறி உப்பிவிடுமாம். அதனால் எல்லாம் ஸ்பெஷல். தரைக்கடியில் இருக்கும் டேங்க்கைச் சுத்தம் செய்து, காயவைத்து, துணியால் துடைத்து... பிறந்த குழந்தையைக்கூட யாரும் அப்படித் துடைத்திருக்க மாட்டார்கள். முதல் நாளுக்கென்று இரண்டு பேரல் மட்டும் ஊற்றி வைத்திருந்தார்.

விழா அன்று காலை பொன்னுசாமியின் மனைவி பாவாயி அக்கா பூஜைத் தட்டோடு வந்தார். கற்பூரத்தைப் பார்த்து ரகு பதறினார். "நெருப்பு ஆகாதுங்கறது எனக்குந் தெரியுமுங்க" என்று அக்கா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ச் சூடம் காட்டிவிட்டு வந்தார். ஊதுபத்தியும் அங்கேயே. பெரிய மனசுதான்.

பிறகு ஒரு பித்தளைக் குடத்தைத் தூக்கினார். விடியற்காலையில் மோகனூர் போய்க் காவிரியில் எடுத்து, மஞ்சள் கலந்து கொண்டுவந்த தீர்த்தக்குடம். நேராக டேங்க் மூடியைப் பார்த்து நடந்தார்.

"அம்மா! நில்லுங்க!" ரகு குறுக்கே பாய்ந்தார்.

எங்கள் பக்கம் புதுக் கிணறு என்றாலும் தீர்த்தம், போர் போடும் ரிக் வண்டி புறப்பட்டாலும் தீர்த்தம். இந்தப் பங்க் திறந்தபோது பழைய டேங்க்கிலும் ஊற்றியிருக்கிறார் அக்கா!

"அன்னைக்கு நாந்தானுங்க ஊத்துனேன். என்ன கெட்டுப்போச்சு? எதுத்தாப்புல பங்க் வெச்சவன் மூடிட்டுப் போயிட்டான். நாங்க நிக்கிறமல்ல?"

"அது வெறும் பெட்ரோல்மா. தண்ணி பாட்டுக்கு அடியில கிடக்கும். இதுல ஆல்கஹால் இருக்கு. தண்ணியைக் கண்டா அதோட சேர்ந்துக்கிட்டு அடியில இறங்கிடும். அந்தக் கலவை காருக்குள்ள போனா கார் நின்னுடும்."

"காவேரித் தண்ணிக்குமா?"



"தீர்த்தம் ஊத்தாம சுச்சப் போட உடமாட்டேன்" என்று அக்கா மூடி மேலேயே ஏறி நின்றுகொண்டார். பொன்னுசாமி என்னைப் பார்த்தார். "நீங்க பத்திரிகையில எழுதறவருங்க... எடுத்துச் சொல்லுங்களேன்!" நான் ரகுவைக் கை காட்டினேன். மேனேஜர் வரும் நேரம் வேறு ஆகிக்கொண்டிருந்தது.

ரகு ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதிக்குப் புது பெட்ரோலைப் பிடித்துவந்தார். "நீங்களே ஒரு கரண்டி தீர்த்தம் ஊத்துங்கம்மா."

அக்கா ஊற்றினார். ரகு குலுக்கினார். பாட்டில் கலங்கியது... கொஞ்ச நேரத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டாகப் பிரிந்து நின்றது.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது. "அப்ப இதுக்குக் காவல் யாருங்க? இத்தன வருசம் காப்பாத்துனத உட்டுப்போட்டு..." எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது. ரகுவும் தலையைக் குனிந்துகொண்டார்.

திடீரென்று அக்கா நிமிர்ந்தார். "ஏஞ்சாமி, இதப் பூட்டுனது நீங்கதானுங்களே?"

"ஆமாம்மா."

"ரிப்பேருன்னா வாரதும் நீங்கதானுங்களே?"

"நான்தான்."

"செத்த இப்படி வாங்க."

கையைப் பிடித்து ரோட்டோரம் கூட்டிப்போனார். அடுத்த நிமிஷம் முழுக் குடமும் ரகுவின் தலையில்! மஞ்சள் தண்ணீர் வழிய அவர் திருதிருவென்று நிற்க... மேனேஜரின் கார் உள்ளே நுழைந்தது.

ரகு அவசரமாக ஹோஸை எடுக்க ஓடினார். அக்கா இரண்டு கையையும் விரித்து மறித்தார். "அங்கயே நில்லுங்க சாமி! ஒரு சொட்டு உழுந்தாக்கூட ஆகாதுங்க!"

பொன்னுசாமிதான் பெட்ரோல் போட்டார். மேனேஜர் கிளம்பிய பிறகு எங்கள் யாருக்கும் காப்பிகூட இறங்கவில்லை. ஒரு வழியாகச் சேலத்திலிருந்து போன் வந்தது. கார் நிற்காமல் போய்ச் சேர்ந்துவிட்டதாம்! பொன்னுசாமி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

காப்பாற்றியது ஸ்பெஷல் வாஷரா, காவிரித் தீர்த்தமா? விஞ்ஞானம் படித்தவராயிற்றே என்று ரகுவிடமே கேட்டேன்.

"வாஷர்தான் சார்" என்றார். அக்கா வருவதைப் பார்த்ததும் ஒரு தும்மல் போட்டுவிட்டுச் சொன்னார்... "தீர்த்தமும்தான்!"