லால்குடிக்காரரின் வலது கண்

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் பாதியில் தெரிந்துகொண்டு ‘ஐயோ பாவம்’ என்பார்கள். அந்தப் பாவத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் தினமும் போய் வருவேன். எந்த டாக்டர் எந்தக் கிழமை வருவார், எந்த அறை, எந்த எக்ஸ்டென்ஷன், எல்லாம் மனப்பாடம். புதிதாக வரும் டாக்டர்கள் தங்கள் அறையின் எண்ணையே என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள். அந்த டெலிபோன் போர்டின் முன்னால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் எனக்கு ஒரு குறையும் கிடையாது. பேசுகிற யாருக்கும் நான் பார்வையில்லாதவள் என்று தெரியாது. அதில் எனக்கு ஒரு திமிர் உண்டு, மறைப்பானேன்.

டாக்டரைப் பார்க்கக் கூப்பிடுகிறவர்களுக்கு டோக்கன் போடுவதுதான் முக்கிய வேலை. காலையில் ஏழரை மணியிலிருந்து பதினொன்று வரை மூச்சுவிட நேரம் இருக்காது. குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். அப்படிக் குரலாக மட்டுமே எனக்குப் பழக்கமானவர்தான் லால்குடிக்காரர். நெல் விவசாயம். மனைவி இல்லை. ஒரே மகன் அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் வேலை செய்துகொண்டு அங்கேயே தங்கியிருந்தான். இவருக்குக் கண்ணில் பிரஷர். இடது கண் எங்களிடம் வருவதற்கு முன்பே போய்விட்டது. வலது கண்ணில் பாதிப் பார்வை மிச்சம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பிரஷர் பார்த்து, சொட்டு மருந்தை மாற்ற வேண்டுமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும். அந்த நோய் வலிக்காது. சத்தமில்லாமல் பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும். போனது போனதுதான், எந்த மருந்தும் திருப்பித் தராது.

“ஏம்மா, லால்குடியிலேருந்து பேசுறேன். கண்ணுக்கு நாள் வந்துடுச்சு” என்பார். அவ்வளவுதான், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன். அவர் பஸ் பிடித்துச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து சேர நேரம் கொடுத்து, பத்தரை மணிக்கு மேல் வருகிற மாதிரி டோக்கன் போடுவேன். நடவு, அறுவடை என்று மறந்துபோனால் நானே கூப்பிட்டு, வரப்பு எங்கேயும் ஓடிவிடாது, கண்தான் ஓடிவிடும் என்று திட்டுவேன். சிரித்துக்கொண்டே மறுநாள் வந்துவிடுவார். பேப்பரில் தலைப்பு இன்னும் படிக்க முடிகிறது என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். அதைக் கேட்டால் எனக்கு அன்றைய நாள் நன்றாகப் போகும்.

பிறகு ஆப் வந்தது.

நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். இனிமேல் டோக்கன் எல்லாம் மொபைலில்தான். போர்டை எடுத்துவிடப் போகிறோம். ஆனால் உங்களுக்கு இங்கே வேலை உண்டு, கவலைப்பட வேண்டாம். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும் மாதிரி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம். அதனால் நான் பயன்படுத்திப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து ஆப் செய்த கம்பெனிக்காரர்கள் வருகிற வாரம் வருவார்கள், அவர்கள் முன்னால் செய்து காட்டினால் போதும் என்றார். ‘உங்களுக்கு வேலை உண்டு’ என்பதையும் ‘சரியாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும்’ என்பதையும் ஒரே மூச்சில் சொன்னார். நான் காது வைத்துப் பிழைப்பவள். எனக்கா புரியாது?

என் போனில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரல் ஒன்று உண்டு. விரலால் தள்ளத் தள்ள, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வரும். அன்று சாயங்காலம் அந்த ஆப்பைத் திறந்து தள்ளினேன். “பட்டன்” என்றது. மறுபடி தள்ளினேன். “பட்டன்.” மறுபடியும் “பட்டன்.” எது கண் பிரிவு, எது எலும்பு, எது ‘பின்னால் போ’, ஒன்றும் தெரியவில்லை. பார்க்கிறவர்களுக்கு அழகழகான படங்களாம். அந்தப் படங்களுக்கு யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை. தேதி தேர்ந்தெடுக்கும் இடத்துக்குப் போனால் குரல் ஊமையாகிவிட்டது.

அப்போதே போய், இது என்னால் முடியாது, இப்படி இருந்தால் யாராலும் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தான் என்னைக் கேட்டார்கள், குறைந்தபட்சம் காகிதத்தில். ஆனால் ‘முடியாது’ என்ற சொல்லை நான் வாழ்க்கையில் சொல்லிப் பழகியதே இல்லை. எங்களைப் போன்றவர்கள் யாருமே பழகியிருக்க மாட்டோம். ஒருமுறை முடியாது என்று சொல்லிவிட்டால், முடிகிற வேலையையும் பிடுங்கிக்கொள்வார்கள். படியில் தடுக்கினாலும், வலியை விழுங்கிக்கொண்டு ஒன்றும் ஆகவில்லை என்போம். சமாளிப்பதே எங்களுக்குச் சுபாவமாகிவிட்டது.

சமாளித்தேன். காசாளர் பெண் ஒருத்தியைப் பிடித்து, மதிய சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, எதற்குப் பின் எது என்று கேட்டு எண்ணிக்கொண்டேன். ஐந்து முறை தள்ளினால் கண் பிரிவு. அங்கிருந்து ஏழு முறை தள்ளினால் நாளைய தேதி. அது பேசாது, ஆனால் இருமுறை தட்டினால் ஏற்றுக்கொள்ளும். அப்புறம் மூன்று தள்ளினால் உறுதி செய்யும் பட்டன். நூறு எக்ஸ்டென்ஷன்களை மனதில் வைத்திருப்பவளுக்கு இது ஒரு பாடமா? பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் பழகினேன். காவிரிப் பாலத்தில் காற்று முகத்தில் அடிக்க ஆரம்பிப்பதற்குள் ஒரு டோக்கன் போட்டுவிடுவேன். பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் ஒரு நிமிடத்துக்குள் போட்டுக் காட்டினேன். கை தட்டினார்கள். நிர்வாக அதிகாரி, “உங்களால சிரமமில்லாம முடியுதுங்களா?” என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் நிஜமான அக்கறை இருந்தது. அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் எல்லாமே வேறு மாதிரி போயிருக்கும்.

“முடியுதுங்க சார்” என்றேன்.

ஒரு தாளில் கையெழுத்துக்குப் பதிலாகக் கட்டைவிரல் வைக்கச் சொன்னார்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று கோபமாகச் சொல்லி, போட்டும் காட்டினேன். பிறகு போனைக் கையில் பிடித்தபடி என்னை ஒரு போட்டோ எடுத்தார்கள். பார்வையற்ற எங்கள் ஊழியரே எளிதாகப் பயன்படுத்துகிறார் என்று எழுதி, அந்தப் படத்தை ஆப்பைத் திறந்ததும் வருகிற மாதிரி வைத்தார்கள். வீட்டு ஓனரம்மாகூட, புடவை நல்ல கலராக இருக்கிறது என்றார்.

போர்டை எடுத்துவிட்டார்கள். பழைய எண்ணைக் கூப்பிட்டால் பதிவு செய்த குரல் ஒன்று, ஆப்பைப் பயன்படுத்துங்கள் என்று மூன்று மொழிகளில் சொல்லிவிட்டு வைத்துவிடும். என்னை மாடியில் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்துபோனவர்களில் சிலரின் பட்டியலைக் கம்ப்யூட்டர் வாசிக்கும், அதுவே எண்ணைச் சுற்றும். நான் பேசி, எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டுப் பதிய வேண்டும். வந்தவர்கள் மட்டும்தான் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். வர முடியாமல் போனவர்களை யாரும் கூப்பிட்டு ஏன் என்று கேட்பதில்லை.

ஒரு மாதத்தில் ஆப்பைப் புதுப்பித்தார்கள். முழு உடல் பரிசோதனைக்குச் சலுகை என்று மேலே ஒரு விளம்பரப் படம் வந்து உட்கார்ந்துகொண்டது. என் கணக்கெல்லாம் ஒன்று தள்ளிப்போய்விட்டது. எனக்குப் பல்வலி, டோக்கன் போட்டேன். பச்சைக் குழந்தைக்குத் தடுப்பூசி போட நாளை காலை வரும்படி மெசேஜ் வந்தது. நாற்பத்தெட்டு வயதுக்காரி, கல்யாணமும் ஆகாதவள், குழந்தைக்கு எங்கே போவேன்? காசாளர் பெண்ணும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இதற்கு நடுவில், நாம் இயந்திரம் இல்லை, மனிதர்தான் என்று நிரூபிக்கப் படத்தில் வளைந்து நெளிந்து இருக்கும் எழுத்துகளைப் படித்து அடிக்கச் சொல்லும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. ஊழியர்களுக்கு அது வராது. வெளியாட்களுக்கு வரும் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

கம்பெனிக்கு மெயில் எழுதினேன். தவறு இருக்கும் இடத்தைச் சிவப்பு வட்டம் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பும்படி பதில் வந்தது. அதிகாரியிடம் போய் நின்றேன். அவர் எரிச்சல்கூடப் படவில்லை. நீங்கள்தானே சரி என்று கையெழுத்துப் போட்டீர்கள், இப்போது என்ன சிரமம் என்று கேட்டார். சின்ன விஷயம்தான் சார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டாவது முறையும் அதையேதான் செய்தேன்.

லால்குடிக்காரரை நினைக்காமல் இல்லை. அவர் போன் எண் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். மூன்று மாதம் ஆனது தெரியும், ஆறு மாதம் ஆனதும் தெரியும். மகன் இருக்கிறான், போட்டுக் கொடுத்திருப்பான் என்று சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. கூப்பிட்டால், இந்த ஆப்பில் எப்படிம்மா போடுவது என்று கேட்பார். அதற்கு என்னிடம் பதில் கிடையாது. அதனால்தான் கூப்பிடவில்லை.

போன வருஷம் ஐப்பசி மாதம், நல்ல மழை. மதிப்பெண் கேட்கிற வேலையில் இருந்தேன். கம்ப்யூட்டர் அவர் பெயரைச் சொல்லி, “லால்குடி, கண் பிரிவு” என்று வாசித்து எண்ணைச் சுற்றிவிட்டது. பெயரைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வந்திருக்கிறார், பார்த்திருக்கிறார், பட்டியலில் இருக்கிறார் என்று. வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் என் குரலைக் கண்டுபிடித்துவிட்டார். நான் வேலையை விட்டுப் போய்விட்டதாக நினைத்தாராம். பழைய எண்ணை எத்தனையோ முறை அடித்துப் பார்த்தாராம்.

கண் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வலது கண்ணும் போய்விட்டது என்றார். நரம்பு செத்துவிட்டதாம், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பகலா இரவா என்பது மட்டும் தெரிகிறது, வாய்க்கால் மதகு வரை தடவித் தடவிப் போய்விட்டுத் திரும்பிவிடுகிறேன் என்று, பயிர் நிலவரம் சொல்வது போலவே சொன்னார்.

நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மகன்தான் புதுப் போன் வாங்கிக் கொடுத்து ஆப்பைப் போட்டிருக்கிறான். முதல் தடவை அவனே டோக்கனும் போட்டுக் கொடுத்தான். திறந்ததும் வந்த என் படத்தைக் காட்டி, அடியில் எழுதியிருந்ததைப் படித்துச் சொல்லி, கண்ணே தெரியாத அந்தம்மா போடுகிறார்கள், உனக்குப் பாதி தெரிகிறது, உன்னால் முடியாதா என்று கேலி செய்திருக்கிறான். இவருக்கு ரோஷம். அடுத்த முறை நானே போட்டுக்கொள்கிறேன் என்றார். போனை மூக்கில் ஒட்டிக்கொண்டு பார்த்தும் அந்த வளைந்த எழுத்துகள் பிடிபடவில்லை. பிடிபடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று வெளியே தள்ளிவிட்டது. ஒருநாள் நேரில் வந்து நின்றிருக்கிறார். ஆப்பில் போட்டுவிட்டு வாருங்கள் என்று கவுன்டரில் அனுப்பிவிட்டார்கள். நான் அப்போது அந்தக் கவுன்டருக்கு நேர் மேலே மாடியில்தான் உட்கார்ந்திருந்தேன். மகனிடம், போய்க் காட்டிவிட்டேன், நன்றாக இருக்கிறதாம் என்று பொய் சொல்லியிருக்கிறார். பழைய சொட்டு மருந்தையே வாங்கி விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வாசற்படியே தெரியாமல் போன பிறகுதான் மகன் டோக்கன் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

“கண்ணே இல்லாத அம்மா செய்யுறாங்க, நம்ம மண்டையிலதான் ஏறலைன்னு வெக்கமாப் போச்சும்மா. அதான் யாருக்கிட்டயும் கேக்கல” என்றார்.

இதை அவரிடம் சொல்லாமல் விட்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. “அந்தப் படத்துல இருக்குறது நான்தாங்கய்யா. எனக்கும் அது முடியாது. எப்பவுமே முடிஞ்சதில்ல. எண்ணி வெச்சு மனப்பாடமா செஞ்சு காட்டுனேன்” என்றேன்.

அவர் பக்கத்தில் மழை ஓட்டில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“அப்புறம் ஏம்மா முடியும்னு சொன்னீங்க?”

வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று சொன்னேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். எதற்காகக் கூப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்டார். சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்க வேண்டும், மூன்றுக்குக் கீழே போட்டால் மேலிடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டுக் காரணம் கேட்பார்கள் என்றேன். அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

“அஞ்சே போட்டுக்குங்கம்மா” என்றார்.

போட்டேன்.