அடுப்பில் எரிந்த நோட்டு

கோயமுத்தூரில் அக்கா வீட்டில் தங்கி இன்டர்மீடியட் படித்தேன். ஓர் ஆங்கில நாவல் பாடமாக இருந்தது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் படித்ததும் மனசில் பட்டதை நோட்டில் எழுதிக் காட்டச் சொல்லியிருந்தார் எங்கள் ஆசிரியர். சமையலறையில் உட்கார்ந்து அக்காவுக்குக் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே எழுதுவேன்.

ஒரு சாயங்காலம் படித்த அத்தியாயத்தில், பண்ணைக்காரன் ஒருவன் மனைவியைக் குதிரைச் சவுக்கால் அடிக்கிறான். அவள் வாயே திறக்கவில்லை. "எவ்வளவு பொறுமை பாருக்கா" என்றேன்.

"அது பொறுமையில்ல கண்ணு, பயம். எனக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா. நான் அதை அப்படியே எழுதினேன்.

மச்சான் கதவருகே நின்று கேட்டிருக்கிறார். உள்ளே வந்து நோட்டைப் பிடுங்கி அடுப்பில் எறிந்தார். அக்காவின் தலைமயிரைப் பற்றி இழுத்து, பெல்ட்டை உருவி முதுகில் விளாசினார். தடுக்கப்போன என்னைச் சுவரில் தள்ளியதில் உதடு கிழிந்தது. அக்கா இரும்பு ஊதுகுழலை எடுத்து அவர் நெற்றியில் ஓங்கி அடித்தாள். ரத்தம் கண்ணில் வழிய அவர் அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

"பொறப்படு கண்ணு, நம்மூட்டுக்குப் போலாம்" என்றாள்.

பஸ் பிடித்து அன்னூர் போனோம். அப்பா அவள் முதுகைப் பார்த்தார்.

அடுத்த வாரம் மச்சான் நெற்றியில் கட்டுப் போட்டபடி அவளை அழைத்துப் போக வந்தார்.

"காப்பி குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க மாப்பிள்ளை. எம்புள்ளை இனி அங்க வரமாட்டா" என்றார் அப்பா.

மச்சான் காப்பியைத் தொடாமல் போனார். அக்கா திரும்பிப் போகவே இல்லை. நான் ஹாஸ்டலில் சேர்ந்து மீதி நாவலைப் படித்தேன்.